மலையகத்திலிருந்து செம்மையாக்கமும் பதிப்பும்: பிரதி கைக்கு வருவது முதல் கடைக் கணக்கு தீரும் வரை

தோட்டப் பாடசாலை ஆசிரியரின் முதல் கவிதைத் தொகுதி, கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலையின் நூற்றாண்டு மலர், பட்டப்படிப்பு ஆய்வேடு, தொண்டு நிறுவன அறிக்கை. இலங்கையின் மலையகத்தில் வீட்டிலிருந்தபடி இந்தத் தொழிலில் இறங்குபவரிடம் முதலில் வந்து சேர்வது இப்படியான வேலைகள்தான். வேலைக்குப் பஞ்சமில்லை. நான் ஹட்டனில் இருந்துகொண்டு இதைச் செய்கிறேன். சிலருக்குப் பழக்கியும் விட்டிருக்கிறேன். அவர்கள் இடறி விழுந்த இடங்களைப் பார்த்தால், மொழியில் இடறியவர்கள் குறைவு. திருத்தம் முடியுமுன் பக்கம் அமைத்து, விலை கணக்கிடுமுன் அச்சுக்குக் கொடுத்து, புத்தகம் வருமுன் அழைப்பிதழ் அடித்து இடறியவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே வரிசைக்கே முதலிடம் கொடுக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கணினி, யுனிகோடு தட்டச்சு, ஓரளவு நல்ல அச்சுப்பொறி. அச்சுப்பொறியைப் பலர் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறார்கள். திரையில் மூன்று முறை படித்தும் கண்ணில் படாத பிழை தாளில் படித்தால் பட்டுவிடும். மெய்ப்பு பார்க்கத் தாள் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கோப்பை இணையச் சேமிப்பில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் சிக்னல் போவதும் ஒன்றாகவே நடக்கும் இடம் இது. அந்த நேரத்தில் இணையத்தில் மட்டும் இருக்கும் கோப்பு கைக்கு எட்டாது.

மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இறங்குங்கள். முதல் வேலைக்கும் முதல் முழுக் கொடுப்பனவுக்கும் நடுவே அவ்வளவு காலம் ஓடிவிடும்.

2. பெயரும் முகவரியும்

தனியாள் தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பம் போகும். பதிவுச் சான்றிதழ் இருந்தால்தான் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியும். பாடசாலையும் தொண்டு நிறுவனமும் உங்கள் சொந்தப் பெயருக்குக் காசோலை எழுதத் தயங்கும். ஆகவே இதை முதல் வேலை வருமுன்பே முடித்துவிடுங்கள்.

நம்மவர் இடறும் இடம் முகவரி. தொழில் நடக்கும் இடத்துக்கு காணி உறுதியோ வாடகை ஒப்பந்தமோ கேட்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்து அங்கேயே இருப்பவரிடம் உறுதி எங்கே இருக்கும்? நான் பழக்கிய ஒரு பிள்ளை இதற்காகவே நான்கு தடவை செயலகத்துக்கு அலைந்தாள். டவுனில் தெரிந்தவர் கடையின் மாடியில் ஒரு மூலையை எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுத்த பிறகுதான் வேலை நடந்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தோட்ட முகவரிக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தங்கித் தாமதமாகலாம். காசோலைக்கும் அரச கடிதத்துக்கும் டவுன் முகவரி பாதுகாப்பு.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் வராவிட்டாலும், பற்றுச்சீட்டுப் புத்தகத்தை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். வருடக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு ஒருநாளும் சரிவராது.

3. பிரதியைப் பார்த்த பிறகே விலை

“இருநூறு பக்கம்தான், எவ்வளவு எடுப்பீங்க?” என்று தொலைபேசியில் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். முழுப் பிரதியையும் வாங்கி, தொடக்கத்தில் 5, நடுவில் 5, கடைசியில் 5 என்று 15 பக்கங்களை உண்மையாகவே திருத்திப் பாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கங்களை மட்டும் பார்த்து விலை சொல்வதுதான் புதியவர் அதிகம் செய்யும் தவறு. எழுதியவர் முதல் அத்தியாயத்தைப் பத்துத் தடவை திருத்தியிருப்பார். கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பார்.

கணக்கு இப்படி: 15 பக்கத்துக்கு 5 மணித்தியாலம் என்றால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம். 180 பக்கத்துக்கு 60 மணித்தியாலம். அடுத்த சுற்றுகளுக்கு அதில் பாதி, 30. எழுதியவரோடு பேசவும் சந்தேகம் தீர்க்கவும் 10. மொத்தம் 100. ஒரு நாளில் கவனம் சிதறாமல் திருத்த முடிவது நான்கு மணித்தியாலம்தான். எனவே இது 25 நாள் வேலை. இந்த 25 நாளில் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவையோ அதற்குக் கீழே விலை சொல்லக் கூடாது.

சொல் எண்ணிக்கைக்கு விலை பேசினால் கவனம். “செய்துகொண்டிருந்தான்” என்று சேர்த்து எழுதுபவருக்கு ஒரு சொல், பிரித்து எழுதுபவருக்கு இரண்டு. வேலை ஒன்றே. எனக்குப் பக்கமும் நேரமும்தான் சரிவருகின்றன.

4. ஒரு பக்கத்தில் உடன்படிக்கை

எழுதியவர் உங்கள் பழைய ஆசிரியராகவே இருந்தாலும் எழுத்தில் போடுங்கள். “சேர், பிறகு நமக்குள்ள மனக்கசப்பு வந்துடக்கூடாதுன்னுதான்” என்று சொல்லி நீட்டினால் யாரும் கோபிப்பதில்லை. எத்தனை சுற்றுத் திருத்தம், எந்த நாளில் முடியும், பதிப்பாளர் என்று யார் பெயர் வரும், எத்தனை பிரதி அச்சிடுவது, மிஞ்சும் பிரதிகள் யாருடையவை, பதிப்புரிமை யாருக்கு என்பவை அதில் இருக்க வேண்டும்.

பதிப்புரிமை பற்றி எழுதியவர்களுக்குப் பயம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். எங்கும் பதிய வேண்டியதில்லை. நீங்கள் திருத்தியதாலோ அச்சிட்டதாலோ அது உங்களுக்கு வந்துவிடாது. இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு இலகுவாகிவிடும். உள்ளே வரும் புகைப்படங்களுக்கு அனுமதி வாங்குவது எழுதியவரின் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

பணத்தை இரண்டு பையாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் உழைப்புக் கூலி ஒரு பை: தொடங்கும்போது 40 வீதம், திருத்திய பிரதி கொடுக்கும்போது 40, அச்சுக்குப் போகுமுன் 20. அச்சுச் செலவு இன்னொரு பை. முடிந்தால் எழுதியவரே அச்சகத்துக்கு நேரடியாகக் கட்டட்டும். 2022 இல் ரூபா சரிந்தபோது, கவிஞர் ஒருவரிடம் அச்சுச் செலவையும் சேர்த்து ஒரே தொகை பேசியிருந்தேன். கடதாசி விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. கொடுத்த வாக்குக்காக வித்தியாசத்தை நானே கட்டினேன். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு மாதம் கூலியில்லாமல் உழைத்தேன். இப்போது அச்சகத்தின் விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் உடன்படிக்கையில் எழுதிவிடுகிறேன்.

5. திருத்துமுன் பாமினியை யுனிகோடாக்குங்கள்

நம் பக்கத்தில் வரும் பிரதிகளில் நிறைய, யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாற்றிவிட்டுத்தான் திருத்தத் தொடங்க வேண்டும். திருத்திய பின் மாற்றினால் மாற்றத்தில் புகும் பிழைகளுக்காக முழுப் புத்தகத்தையும் மறுபடி படிக்க நேரும்.

புகும் பிழைகளுக்கு ஒரு முறை இருப்பதால் தேடிப் பிடிக்கலாம். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது “இ”. தட்டச்சு செய்தவர் நடுவே ஆங்கில எழுத்துருவில் காற்புள்ளி போட்டிருந்தால், மாற்றியபின் “தலவாக்கலைஇ லிந்துலைஇ மஸ்கெலியா” என்று வந்து நிற்கும். “இ” போட்டு ஓர் இடைவெளி விட்டுத் தேடுங்கள். பழைய செய்யுளில் வரும் “தழீஇ” போன்ற அளபெடை தவிர, தனி “இ”யில் முடியும் தமிழ்ச் சொல் கிடையாது. ஆகவே மற்றதெல்லாம் பிழைதான்.

அடுத்தது கால். ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் “ர்” வர வேண்டிய இடத்தில் காலுக்கு மேல் புள்ளி, “ரி” வர வேண்டிய இடத்தில் காலுக்குக் கொக்கி என்று வந்திருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. எழுத்துருவை மாற்றியதும் வட்டமும் புள்ளியுமாகச் சிதறும். “கௌரவம்” என்பதில் ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரம் போட்டிருப்பதும் இதே வகை. இவற்றை “தேடி மாற்று” வழியாக ஒரே நாளில் தீர்த்துவிடலாம். நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் புரியாத எழுத்துக் குவியலாக மாறியிருக்கும். அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.

6. செம்மையாக்கம்: மூன்று சுற்று, மூன்று நோக்கம்

முதல் சுற்றில் அமைப்பை மட்டும் பாருங்கள்: அத்தியாய வரிசை, கூறியது கூறல், நீக்க வேண்டியவை. இரண்டாம் சுற்றில் வாக்கியம். மூன்றாவதில் ஒற்று, எழுத்து, நிறுத்தக்குறி. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் செய்யப் பார்த்தால், இரண்டு மணித்தியாலம் ஒற்றுத் திருத்திய பத்தியை மறுநாள் முழுதாக நீக்க வேண்டி வரும்.

முதல் சுற்றிலேயே ஒரு சொல் பட்டியல் தொடங்குங்கள். ஹட்டனா அட்டனா, இறப்பரா றப்பரா, கிலோவா கி.கி.யா. ஒரு புத்தகத்துக்குள் ஒன்றுதான் வர வேண்டும். தோட்டங்களுக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும். இரண்டில் எதை எங்கே போடுவது என்று எழுதியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலையகத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் போன்ற சொற்களில் கை வைக்காதீர்கள். மக்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பது எழுதியவர் எடுத்த முடிவு; ஒரே வாக்கியத்தில் இரண்டும் குழம்பியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். என்னிடம் பழகிய ஒரு தம்பி, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் நினைவுக் குறிப்பில் “இஸ்தோப்பு” என்று வந்த இடத்தையெல்லாம் ஒரே தட்டில் “திண்ணை” ஆக்கிவிட்டான். “பிரட்டுக்களம்” என்பது “ஒன்றுகூடும் இடம்” ஆகிவிட்டது. பிரதி போன மறுநாள் அதிபர் அழைத்தார். சத்தம் போடவில்லை. “தம்பி, எங்க லயத்துல திண்ணையே இல்லப்பா. இஸ்தோப்புதான் இருந்துச்சு. எங்க அம்மா அதுலதான் கூடைய இறக்கி வைக்கும்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிரவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டோம்.

கவ்வாத்து, கொழுந்து, காம்பரா, படங்கு, கங்காணி. இவை தோட்டத்துச் சொற்கள், பிழைச்சொற்கள் அல்ல. திருத்துவதற்கு எதுவும் இல்லை. வெளியே இருப்பவருக்குப் புரியாது என்று தோன்றினால் நூலின் இறுதியில் ஒரு சொல் விளக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். உரையாடலின் பேச்சுவழக்கிலும் இதே விதிதான். கணக்கப்பிள்ளையும் கொழுந்து எடுக்கும் பெண்ணும் ஒரே மாதிரிப் பேச மாட்டார்கள். எழுதியவர் அந்த வித்தியாசத்தைக் காதால் பிடித்திருந்தால், உங்கள் இலக்கணம் அதை அழித்துவிடக் கூடாது.

ஒவ்வொரு மாற்றத்தையும் வேர்டின் “மாற்றங்களைப் பின்தொடர்” வசதியில் தெரியவிடுங்கள். எழுதியவருக்குக் கணினி பழக்கமில்லையென்றால் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் குறித்துக் கொடுங்கள்.

7. பிரதியைப் பூட்டுதல்

முழு வரிசையிலும் முக்கியமான படி இது. திருத்தம் முடிந்த பிரதியை அச்செடுத்து, எழுதியவரிடம் கொடுத்து, முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அதன்பிறகு எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தப்படும். புதிய கவிதை, புதிய அணிந்துரை, நன்றிப் பட்டியலில் விடுபட்ட உறவினர் என்று வந்தால் தனிக் கட்டணம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

நன்றியுரையும் அணிந்துரையும் எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும். அவை வராமல் பூட்டாதீர்கள். ஓர் அணிந்துரைக்காக ஒரு மாதம் காத்திருப்பது, அமைத்த பக்கங்களை எல்லாம் நகர்த்துவதைவிடச் செலவு குறைந்தது.

8. ஐ.எஸ்.பி.என். இலக்கம்

ஒவ்வொரு நூலையும் உலக அளவில் அடையாளம் காட்டும் இலக்கம் இது. இலங்கையில் இதை வழங்குவது கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 13 இலக்கங்களில் 978க்குப் பின் வரும் 955 அல்லது 624 இலங்கையைக் குறிக்கும். பூட்டிய உடனே, பக்க வடிவமைப்பு நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். இலக்கம் பதிப்புப் பக்கத்திலும் பின்னட்டையின் பட்டைக்கோட்டிலும் வர வேண்டும். அட்டை முடிந்தபின் கேட்டால் எல்லாம் நிற்கும்.

விண்ணப்பத்தில் எழுதும் தலைப்பும் அட்டையில் வரும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அதற்குமுன், இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் “நூலகம்” என்ற எண்ணிம நூலகத்தில் தலைப்பைத் தேடுங்கள். அதே பெயரில் பழைய நூல் இருந்தால் ஒரு துணைத்தலைப்புச் சேர்ப்பது நல்லது. மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய இலக்கமே போதும். திருத்திய பதிப்புக்கும் மின்னூலுக்கும் தனித்தனி இலக்கம் வேண்டும்.

9. பக்கமும் அட்டையும்

கவிதை, சிறுகதைக்கு டெமி 1/8 என்னும் புத்தக அளவு எடுப்பாக இருக்கும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரமாக ஓடும். 164 பக்கம் வந்தால் பதினோராவது ஃபாரத்தில் நான்கு பக்கம் மட்டும் நிரம்பி, மிச்சம் 12 வெறுமையாகும். எழுத்தளவையோ வரி இடைவெளியையோ கொஞ்சம் இறுக்கி 160க்குள் கொண்டுவந்தால் ஒரு ஃபாரத்தின் செலவு மிச்சம்.

அச்சுக்குப் போகும் பீடிஎஃபில் எழுத்துருக்கள் பதிந்திருக்கின்றனவா, உள்ளெழுத்து தனிக் கறுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு நிறத்தில் சேர்ந்த கறுப்பு, சின்ன எழுத்தில் நிழல் விழுந்ததுபோல் தெரியும். புத்தக முதுகின் அகலத்தை நீங்களாக ஊகிக்காமல், கடதாசியைச் சொல்லி அச்சகத்திடம் கேளுங்கள்.

பக்கம் அமைத்த பின் தாளில் ஒரு மெய்ப்பு. முடிந்தால் இரண்டு பேர்: ஒருவர் வாசிக்க, மற்றவர் பார்க்க. அட்டை, தலைப்பு, பக்க மேற்குறிப்பு, பொருளடக்கத்தின் பக்க எண் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பிழையைக் கண் தாண்டிப் போய்விடும்.

10. விலையும் பிரதி எண்ணிக்கையும்

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 300 பிரதி, எல்லாச் செலவும் சேர்த்து ரூபா 180,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு 600 என்று நினைத்து 1,000 ரூபா விலை போடுவார்கள். ஆனால் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதி, எழுதியவருக்கான பிரதி, விமர்சனப் பிரதி என்று 50 போனால் விற்பதற்கு 250தான். அப்போது ஒரு பிரதியின் அடக்கம் 720. கடை 35 வீதம் கழிவு எடுத்தால் 1,000 ரூபாப் புத்தகத்துக்கு உங்கள் கைக்கு 650. விற்க விற்க நட்டம். 1,200 என்று போட்டால் 780 வரும்.

விலையை ஏற்ற முடியாத புத்தகமென்றால் பிரதியையோ பக்கத்தையோ குறையுங்கள். குறைந்த பிரதிக்கு டிஜிட்டல் அச்சு, கூடிய பிரதிக்கு ஒப்செற் என்பது பொதுக் கணக்கு. எந்த எண்ணிக்கையில் மாறுவது என்பதை இரண்டு மூன்று அச்சகத்தில் எழுத்தில் விலை வாங்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

11. அச்சகத்தில்

ஒரு மாதிரிப் பிரதியைக் கண்ணால் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே முழு அச்சுக்கும் அனுமதி கொடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். கொழும்புக்குப் போய்வரும் ஒரு நாளும் ரயில் காசும் மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் நிறத்திலும் புத்தகம் கட்டியதிலும் இழந்தது அதிகம். கடதாசியின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குறுக்கே ஓடினால் நம் ஊர் ஈரத்தில் பக்கம் அலை அலையாக எழும். புத்தகம் விரிந்து கிடக்காது.

பதிப்புப் பக்கத்தில் பதிப்பாளரின் பெயர் முகவரியோடு அச்சகத்தின் பெயர் முகவரியும் இருக்கட்டும். 1885 ஆம் ஆண்டின் அச்சிடுநர், வெளியிடுநர் கட்டளைச் சட்டத்தின்படி அச்சகம் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு 5 பிரதி அனுப்ப வேண்டும். அந்த 5ஐயும் எண்ணிக்கையில் சேர்த்தே அச்சிடுங்கள். அனுப்பியாயிற்றா என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்யுங்கள்.

12. பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும்

முதலில் எண்ணுங்கள், பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிரதியைப் புரட்டிப் பாருங்கள். பக்கம் மாறிக் கட்டியது, வெற்றுப் பக்கம் வந்தது எல்லாம் முதல் வாரத்தில் சொன்னால்தான் மாற்றித் தருவார்கள்.

தரையிலும் சுவரிலும் படாமல் பலகையில் அடுக்குங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் வருடக் கடைசியிலும் ஈரம் பெட்டிக்குள் இறங்கும். வெளிப்பக்கம் மட்டும் லெமினேட் செய்த அட்டை உள்பக்கத்தால் ஈரம் குடித்து வெளியே சுருண்டு நிற்கும். ஒரு ஜூன் மாதம் சுவரோரம் வைத்த இரண்டு பெட்டியைத் திறந்தேன். கீழ் வரிசை முழுக்கப் பழுப்புப் புள்ளி, பூஞ்சண வாசம். துடைத்துப் பார்த்தும் பயனில்லை.

13. வெளியீட்டு விழா

புத்தகம் வீட்டுக்கு வந்தபின் திகதி குறியுங்கள். மண்சரிவில் பாதை அடைபடும் ஊரில், அச்சகம் சொன்ன நாளை நம்பி அழைப்பிதழ் அடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள், தோட்டத்தில் இருந்து ஆட்கள் வர வேறு நாள் கிடையாது.

நம்மிடம் ஒரு புத்தகத்தின் பெரும்பகுதி விற்பது இந்த மண்டபத்தில்தான். முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் என்வலப்பில் தருவார்கள். விலையைவிடக் கூடவும் இருக்கும். மேசையில் இரண்டு பேரை உட்கார்த்தி, ஒருவர் வாங்க மற்றவர் பெயரும் தொகையும் எழுதட்டும். அன்றே எழுதியவர் முன்னால் எண்ணிக் கையொப்பம் வாங்குங்கள். மறுநாள் எண்ணலாம் என்று விட்ட பணத்தில்தான் சந்தேகம் முளைக்கும்.

14. கடைக் கணக்கு

ஒவ்வொரு கடைக்கும் இரண்டு பிரதியாகச் சீட்டு எழுதுங்கள்: எத்தனை புத்தகம், என்ன விலை, என்ன கழிவு, எந்த மாதம் கணக்கு. ஒன்றில் கடைக்காரரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை 5 பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். முப்பது கொடுத்தால் இருபத்தைந்து தூசு படிந்து திரும்பி வரும். அவற்றைப் புதிதாக விற்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். தொலைபேசியில் “இன்னும் போகல்ல தம்பி” என்பவர், நேரில் போய் அலுமாரியைப் பார்த்தால் மூன்று போயிருக்கிறது என்று அவரே எடுத்துத் தருவார்.

ஒரு வருடம் ஆனதும் எழுதியவரோடு உட்கார்ந்து கணக்கை முடியுங்கள். மிஞ்சிய பிரதி, வந்த பணம், கடைகளில் நிற்பது மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அச்சுக்குப் போன பீடிஎஃப், திருத்தக்கூடிய மூலக் கோப்பு, ஐ.எஸ்.பி.என். கடிதத்தின் பிரதி ஆகியவற்றைப் பென்டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். பத்துப் பிரதியை மட்டும் பொலித்தீனில் சுற்றி, “விற்பனைக்கு அல்ல” என்று எழுதி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நான்கைந்து வருடம் கழித்து, தாத்தா எழுதிய புத்தகம் ஒன்று இருக்குமா என்று கேட்டு யாராவது பிள்ளை வரும்.